மனோரமா: ஒரே அம்மா வேடத்துக்குள் எத்தனை பேர்

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, மனோரமா படம் ஓடினால் எங்க உம்மாவுக்கு அடுப்பில் ஆணம் (குழம்பு) தீய்வதுகூடத் தெரியாது. எனக்குத் தெரிந்த மனோரமா, கதாநாயகனுக்கு அம்மாவாக வந்து அழுதுவிட்டு, கடைசிச் சண்டைக்கு முன்னால் வில்லன் ஆட்களிடம் மாட்டிக்கொள்கிறவர். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தார் என்கிறார்கள். ஒரே வேடத்தை ஆயிரம் தடவை போட்டால் அதற்குப் பெயர் வீச்சா? சாவித்திரி என்றால் ஒரு படத்தைக் காட்டி 'இதோ பார்' என்று சொல்லிவிடலாம். இவருக்கு எதைக் காட்டுவீர்கள்?"

கேள்வியில் பாதி சரி தம்பி. அந்தப் பாதியை முதலில் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். தொண்ணூறுகளில் மனோரமா நடித்த படங்களில் பலவற்றில் அவருக்கென்று எவரும் உட்கார்ந்து எழுதவில்லை. அழ வேண்டும், சாபம் விட வேண்டும், மகனைக் கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. டிவியில் திரும்பத் திரும்பப் போடுவதும் அந்தப் படங்களைத்தான். அவற்றை மட்டும் பார்த்து வளர்ந்தவருக்கு இப்படித் தோன்றினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

இந்தக் கேள்விக்கு வழக்கமாக ஒரு பதில் வரும். கிராமத்துப் பெண்ணாக நடித்தார், மாமியாக நடித்தார், மெட்ராஸ் பாஷை பேசினார், ராணியாக வந்தார், பாட்டியாக வந்தார் என்று வேடங்களை வரிசையாக அடுக்குவார்கள். அந்தப் பதில் எனக்கு ஒத்துவராது. புடவைக் கட்டை மாற்றி, பேச்சைக் கொஞ்சம் இழுத்து, பொட்டைப் பெரிதாக வைத்தால் வேடம் மாறிவிடும். சுமாரான நடிகைக்கும் அது முடியும். காகிதத்தில் ஒரே மாதிரி இருக்கிற இரண்டு வேடங்களைக் கொடுத்து, படம் வெளிவந்த பிறகு அவர்கள் இரண்டு பேராக இருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் என்னுடைய கணக்கு. நீங்கள் குறையாகச் சொன்ன 'ஒரே அம்மா வேடம்' இருக்கிறதே, மனோரமாவின் வீச்சை அளக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

1992ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'சின்னக் கவுண்டர்' வந்தது, 'அண்ணாமலை' வந்தது. ஒன்றில் விஜயகாந்துக்கு அம்மா, இன்னொன்றில் ரஜினிகாந்துக்கு அம்மா. இரண்டு மகன்களுமே ஊர் கொண்டாடும் நல்லவர்கள், இரண்டு அம்மாக்களுக்கும் மகன்மேல் உயிர். காகிதத்தில் எந்த வித்தியாசமும் கிடையாது.

'சின்னக் கவுண்டர்' அம்மாவுக்கு முன்பல் எடுப்பாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அந்தப் பல்லைச் சிரிப்புக்காக ஒட்டியதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். அந்தப் பல் பேச்சையே மாற்றுகிறது. சொற்கள் உதட்டில் முட்டி, கொஞ்சம் காற்றோடு வெளியே வருகின்றன. பெரிய வீட்டு ஆத்தா, கொங்குப் பேச்சு, ஊருக்கே தீர்ப்புச் சொல்லும் மகன். அந்த மகனை வாய்க்கு வந்தபடி பேசக்கூடியவர் ஊரில் இவர் ஒருவர்தான். ஆகவே குரலில் ஒரு சொந்தக்காரத்தனம் இருக்கும். எவரிடம் பேசினாலும் நின்ற இடத்திலிருந்து நகர மாட்டார், மற்றவர்கள்தான் அவரிடம் வர வேண்டும்.

'அண்ணாமலை' அம்மா பால்காரர் வீட்டு அம்மா. ஆள் வேலை செய்து பழகியவர். மகனிடம் பேசும்போது பாதி தாய், பாதி கூட்டாளி. வீடு பறிபோகும்போது அவர் படும் பாடு, சொத்தை இழந்த பெரிய வீட்டுக்காரியின் பாடு கிடையாது. இருந்த ஒன்றும் போச்சே என்கிற ஆளின் பாடு. இந்த அம்மாவின் குரலில் அதட்டல் வராது. அந்த ஆத்தாவின் குரலில் கெஞ்சல் வராது. இரண்டு படங்களும் ஒரே ஆண்டில், ஒரே நடிகை, ஒரே வயது. உங்கள் உம்மா ஆணத்தை மறந்ததில் தப்பே இல்லை.

இதோடு மூன்றாவதாக 1989இல் வந்த 'அபூர்வ சகோதரர்கள்' படத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அதில் மெக்கானிக் ராஜாவை வளர்க்கும் முனியம்மா. பெற்ற தாயாக ஸ்ரீவித்யா இருக்கிறார், அவருக்குத்தான் சோகம் முழுவதும். மனோரமாவுக்குக் கொடுத்தது சிரிப்புப் பங்கு. ஆனாலும் பெறாத பிள்ளையை வளர்த்தவளுக்கு இருக்கிற ஒரு கூடுதல் பதற்றம் அந்தச் சிரிப்புக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். மகனைத் திட்டிக்கொண்டே மேலே கை வைத்து வைத்துப் பார்ப்பார். அவன் தன்னோடுதான் இருக்கிறானா என்று சரிபார்க்கிற மாதிரி இருக்கும்.

சரி, இதெல்லாம் எனக்கு எப்படிக் கண்ணில் பட்டது என்று கேட்கலாம். நான் ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிற மண்டபம் ஊரில் ரொம்ப காலம் ரேடியோ செட் கடை வைத்திருந்தவன். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் கொடியேற்றம், ஏர்வாடிச் சந்தனக்கூடு என்று எது வந்தாலும் குழாய் கட்டுவது தொழில். பின்னால் டெக், அதாவது வீடியோ கேசட் போடுகிற பெட்டி, வந்தது. விடிய விடிய மூன்று படம் போடுவோம். முதல் படம் இளவட்டங்கள் கேட்பது. நடுப்படம் பெண்கள் கேட்பது. மூன்றாவது, அதற்கு மேலும் முழித்திருக்கிற யாராவது கேட்பது. பெண்கள் கேட்கும் நடுப்படம் அநேகமாக 'சம்சாரம் அது மின்சாரம்' ஆகத்தான் இருக்கும். ஒரே படத்தை அத்தனை தடவை போட்டால் கதை காதில் விழாமல் போய்விடும். அப்புறம் ஆட்களைத்தான் பார்க்கத் தோன்றும். நான் மனோரமாவைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

அந்தப் படம் 1986இல் வந்தது. ஏவி.எம். தயாரிப்பு, விசு எழுதி இயக்கியது. லட்சுமி, ரகுவரன், சந்திரசேகர், கமலா காமேஷ் என்று கூட்டுக் குடும்பமே இருக்கிறது. மனோரமா அந்த வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. 'கண்ணம்மா கம்முனு கெட' என்ற வசனம் ஊர்ப் பேச்சாகவே ஆகிப்போனதால், கிஷ்மு நடித்த ஆல்பர்ட் ஃபெர்னாண்டஸோடு அவர் மோதும் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சி ஏன் அவ்வளவு வெடிக்கிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால் வீட்டுக்குள் கண்ணம்மா பேசும் பேச்சில் ஓர் அளவு இருக்கிறது. முதலாளியிடம் எதுவரை போகலாம், வீட்டு அம்மாவிடம் எதுவரை உரிமை எடுக்கலாம், மூத்த மருமகளிடம் எதைச் சொல்லாமல் விடலாம் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை வைத்திருப்பார். அந்த எல்லைகளையெல்லாம் நமக்குப் பழக்கிவிட்ட பிறகுதான் வெளியே போய் அவற்றை உடைக்கிறார். தெருச்சண்டைக்காரியாக ஆரம்பத்திலிருந்தே வந்திருந்தால் அந்தக் காட்சியில் சத்தம்தான் இருந்திருக்கும்.

இதை நம் கரையில் வைத்துச் சொன்னால் உங்களுக்கு உடனே பிடிபடும். பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகிற அக்காமார்களைப் பார்த்திருப்பீர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு தீவுப் பக்கம் போய் மரிக்கொழுந்துப் பாசி எடுத்து வருவார்கள். வல்லம் (படகு) கரை தட்டியதும் வனத்துறை ஆள் நின்றால் அவரிடம் ஒரு பேச்சு. குனிந்த தலை, பாதிச் சொல். பத்தடி தள்ளி வியாபாரி எடை போடும்போது அதே அக்காவிடமிருந்து வேறு பேச்சு, தராசு முள்ளில் கண்ணை வைத்துக்கொண்டு. வீட்டுக்குப் போகிற வழியில் கூட வந்தவளிடம் இன்னொரு பேச்சு, அதில் வனத்துறை ஆளையும் வியாபாரியையும் சேர்த்துக் காய்ச்சி எடுப்பார். ஒரே ஆள், ஒரு மணி நேரத்துக்குள். மனோரமாவுக்கு இந்த மாற்றம் தெரியும். தனக்கு மேலே இருப்பவரிடம் ஒரு பெண் எப்படிப் பேசுவாள், கீழே இருப்பவரிடம் எப்படி, சமமானவளிடம் எப்படி என்பதை அவர் ஒவ்வொரு வேடத்துக்கும் தனித்தனியாக முடிவு செய்துகொண்டு வருகிறார். வசனகர்த்தா எழுதிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

இதற்கு இன்னும் சுத்தமான உதாரணம் 1972இல் வந்த 'காசேதான் கடவுளடா'. சித்ராலயா கோபு இயக்கியது. இரும்புப் பெட்டிச் சாவியை இடுப்பிலிருந்து இறக்காத பணக்காரச் சித்தி வேடம். வீட்டில் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரையும் அதட்டுகிற அந்த அம்மா, சாமியார் வேடம் போட்டு வருகிற தேங்காய் சீனிவாசன் முன்னால் போய் நிற்கும்போது பாருங்கள். குரல் இறங்கி, கழுத்து வளைந்து, சின்னப் பெண் மாதிரி ஆகிவிடுவார். படத்தில் சிரிப்பு முழுக்கத் தேங்காய் சீனிவாசனுடையது என்றுதான் பேர். அவர் அப்படி ஆடுவதற்கு இந்தப் பக்கம் ஒருத்தி உண்மையாகவே பக்தியோடு நிற்க வேண்டும். மனோரமா கொஞ்சம் கண்ணடித்திருந்தாலும், 'இது டூப்ளிகேட் சாமியார்னு எனக்கும் தெரியும்' என்று நமக்கு லேசாகக் காட்டியிருந்தாலும் படம் அந்த இடத்திலேயே படுத்திருக்கும்.

இவருக்கு இது எங்கிருந்து வந்தது என்பதற்குப் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. பிறந்தது 1937 மே 26, மன்னார்குடியில். இயற்பெயர் கோபிசாந்தா. அம்மாவும் மகளும் பிழைக்க வந்து சேர்ந்தது காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர். 1985இல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை அது நம் மாவட்டம். ஆச்சி என்ற பெயரும் அந்தப் பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டதுதான். படிப்பைப் பாதியில் விட்டவர். நாடகத்தில் சேர்ந்தபோது வைத்த பெயர்தான் மனோரமா. எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவில் நடித்தார், அண்ணாவோடும் கலைஞரோடும் மேடை ஏறினார். சினிமாவில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி. ராமராவ் என்று சேர்த்து, ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்பார்கள். அது பொது அறிவுக் கேள்விக்கு ஆகும், நடிப்புக்கு அதில் ஒன்றும் இல்லை. பள்ளத்தூரில் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளையாக, பெரிய வீடுகளைப் பார்த்து வளர்ந்ததில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் ஊகம். அப்படி வளர்கிற குழந்தைக்கு யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பது சாப்பாட்டு விஷயம். அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் அறிமுகம். கண்ணதாசனும் காரைக்குடிப் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர். அறிமுகமே நகைச்சுவை வேடம். கதாநாயகி ஆக வேண்டும் என்ற ஆசையில் வந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் ஆக்கினார்கள். அந்தப் பாதை அதற்கு மேல் நீளவில்லை. நீண்டிருந்தால் நமக்குத்தான் நஷ்டம். பத்தாண்டு கதாநாயகியாக இருந்து, கல்யாணம் ஆகி ஒதுங்கிய இன்னொருவர் கிடைத்திருப்பார்.

நகைச்சுவையில் அவர் செய்த ஒரு காரியத்தை இப்போது யாரும் பேசுவதில்லை. அவருக்கு முன்னால் இருந்த பெரிய நகைச்சுவை நடிகைகளை நினைத்துப் பாருங்கள். டி.ஏ. மதுரம் என்றால் பக்கத்தில் என்.எஸ். கிருஷ்ணன். சி.டி. ராஜகாந்தம் என்றால் காளி என். ரத்தினம். எம். சரோஜா என்றால் தங்கவேலு. வீட்டிலும் ஜோடி, படத்திலும் ஜோடி. ஒரே ஆளோடு ஆடிப் பழகிய தாளம். டி.பி. முத்துலட்சுமி மாதிரி விதிவிலக்குகளும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. மனோரமாவுக்கு அப்படி நிலையான துணை கிடையாது. நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், பின்னால் வந்தவர்கள் என்று எல்லோரோடும் ஆட வேண்டியிருந்தது. மூன்று பேரும் மூன்று வேகம். நாகேஷுக்கு உடம்பு முழுக்கப் பேசும், வசனம் முடிவதற்குள் ஆள் வேறு மூலையில் இருப்பார். அவரோடு ஆடும்போது மனோரமா நின்று கொடுப்பார். சோ நேர்மாறு. ஆள் அசைய மாட்டார், பேச்சு மட்டும் ஓடும். அங்கே மனோரமாதான் ஆட்டம். தேங்காய் சீனிவாசனுக்குக் குரல் பெரிது, அவரிடம் இவர் குரலை அடக்கி வாசிப்பார். எதிரில் இருப்பவர் விட்டுவைத்த இடம் எது என்று பார்த்து அதில் போய் உட்கார்கிற புத்தி இது. இதைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று தெரியவில்லை, மேடையில் அடிபட்டு வருவது என்றுதான் நினைக்கிறேன்.

நாகேஷோடு அவர் நடித்ததில் நம் கரைக்காரர்களுக்கு மிக நெருக்கமானது 1967இல் வந்த பாலசந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி'. 'முத்துக்குளிக்க வாரீகளா' பாட்டு இருக்கிற படம். எங்கள் கடையில் அதிகம் தேய்ந்த ரெக்கார்டுகளில் அதுவும் ஒன்று. மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. படம் வரும்போதே முத்து பழங்கதை ஆகிவிட்டது. அதில் மனோரமா நடித்த பெண் தூத்துக்குடிக்காரி, இராமநாதபுரத்துக்காரி இல்லை. இருந்தாலும் 'வாரீக, போறீக' நம் வாயிலும் இருப்பதுதானே. படத்தில் அவளுக்குப் பாடும் குரல் எல்.ஆர். ஈஸ்வரியுடையது. கடலோரப் பெண் என்றால் இடுப்பை ஆட்டிக்கொண்டு அரைகுறைப் பேச்சு பேசுவதாகக் காட்டுவது அந்தக் காலத்துச் சினிமா வழக்கம். மனோரமா அந்தப் பெண்ணைக் கேலிப் பொருளாக விடவில்லை. நாகேஷ் எத்தனை குட்டிக்கரணம் போட்டாலும் அவளுக்கு அது தன் வாழ்க்கை, விளையாட்டு இல்லை. எங்கள் பக்கத்துக் கிழவிகள் அந்தப் பாட்டு வரும்போது கோபப்படாமல் சிரித்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

அடுத்த ஆண்டு, 1968இல், 'தில்லானா மோகனாம்பாள்'. நீங்கள் ஒரு படத்தைக் காட்டச் சொன்னால் பெரும்பாலோர் இதைத்தான் காட்டுவார்கள், ஜில் ஜில் ரமாமணியை. ஒருபுறம் சிவாஜி, இன்னொருபுறம் பத்மினி, பாலையா, நாகேஷ். ஒவ்வொருவரும் தனி ஆளாகப் படத்தைத் தூக்கிக்கொண்டு போகக்கூடியவர்கள். அதற்கு நடுவில் கொஞ்ச நேரம் வந்து போகிற நாடகக்காரி வேடம் இவருக்கு. நாயனத்தைப் பற்றி அவர் வெள்ளந்தியாகக் கேட்கும் கேள்வியை நினைத்து இன்றைக்கும் சிரிக்கிறோம். எனக்கு அந்தச் சிரிப்பைவிட, சிவாஜியின் நாயன வாசிப்பை அவர் கேட்டுக்கொண்டிருக்கிற முகம்தான் முக்கியம். ரமாமணியும் ஒரு கலைக்காரி. கூட்டத்தின் கைதட்டலுக்கு ஆடிப் பிழைக்கிறவள். எதிரில் இருப்பவர் ராஜாக்கள் முன்னால் வாசிக்கிற வித்துவான். தானும் அவரும் ஒரே இனம் என்ற பெருமையும், தான் அந்த இடத்துக்குப் போகவே முடியாது என்ற தெளிவும் ஒரே நேரத்தில் அந்த முகத்தில் இருக்கும். சங்கீதம் புரியாதவள் மாதிரி பேசுகிறாள், ஆனால் கேட்கும்போது புரிந்தவளாகக் கேட்கிறாள். பேச்சு ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். சிவாஜியோடு ஒரே சட்டகத்தில் நின்று நம் கண்ணைத் தன் பக்கம் இழுத்தவர்கள் ரொம்பப் பேர் இல்லை. அதைச் சத்தம் போடாமல் செய்தவர்கள் இன்னும் குறைவு.

இதனால்தானோ என்னவோ, அவரைப் 'பெண் சிவாஜி' என்று சொல்கிற வழக்கம் வந்தது. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. சிவாஜி ஒரு காட்சிக்குள் நுழைந்தால் காட்சி அவரைச் சுற்றி அமையும். மனோரமாவோ, ஏற்கெனவே இருக்கிற காட்சிக்குள் தன் இடத்தைத் தேடிக்கொள்கிறவர். இரண்டும் வேறு வேறு வித்தை. ஒன்றை வைத்து இன்னொன்றுக்குப் பட்டம் கொடுக்க வேண்டிய தேவை இல்லை.

பாட்டையும் விட்டுவிடக் கூடாது. நாடகத்தில் பாடி நடித்துப் பழகிய குரல். 1968இல் 'பொம்மலாட்டம்' படத்தில் 'வா வாத்யாரே வூட்டாண்டே' அவரே பாடியது. செட்டிநாட்டில் வளர்ந்தவர் பாடிய மெட்ராஸ் பாஷைப் பாட்டு, மெட்ராஸ்காரர்களே எடுத்துக்கொண்டு பாடினார்கள். இருபத்தாறு வருஷம் கழித்து 1994இல் 'மே மாதம்' படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையில் 'மெட்ராஸை சுத்திப் பார்க்கப் போறேன்' பாட்டில் மறுபடி அதே குரல். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வயது ஏறியிருக்கிறது, வேகம் குறையவில்லை. சுருதி சுத்தமான பாடகி என்று சொல்ல மாட்டேன். பாட்டுக்குள்ளும் ஓர் ஆள் நிற்கிறாள், அதுதான் விசேஷம்.

விருதுக் கணக்கில் ஒன்று: 1989இல் வந்த பார்த்திபனின் 'புதிய பாதை'க்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது. 2002இல் பத்மஸ்ரீ. கின்னஸ் புத்தகத்திலும் பெயர் ஏறியது. ஆயிரம் என்ற எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அத்தனை படங்களில் நடிக்க வேண்டியிருந்தது என்பதே பாதி சோகம். நல்ல வேடம் வருகிறவரைக்கும் காத்திருக்கிற வசதி அவருக்கு இருந்திருக்காது.

குறையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இது ரசிகர் மன்றத்து நோட்டீஸ் ஆகிவிடும். மேடையிலிருந்து வந்தவர் என்பதால் குரலைக் கடைசி வரிசைக்கு அனுப்புகிற பழக்கம் அவரை விடவே இல்லை. காமிரா முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நிற்கும்போதும் சில படங்களில் அதே சத்தம். அழுகைக் காட்சிகளில் இது அதிகம். இயக்குநர் 'கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் ஆச்சி' என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தால் குறைத்திருக்கிறார். அந்தத் தைரியம் இல்லாதவர்கள் படங்களில் முதல் அழுகையே உச்சத்தில் போய் நிற்கும், அதற்கு மேல் ஏற இடமிருக்காது. நீங்கள் பார்த்துச் சலித்தவை இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு மாற்று மருந்தாக 1990இல் வந்த 'நடிகன்' பாருங்கள். சத்யராஜ் வேலைக்காகக் கிழவர் வேடம் போடுகிற கதை. கல்யாணமே ஆகாமல் வயதாகிப்போன பேபியம்மாவாக மனோரமா அந்தக் கிழவர்மேல் ஆசைப்படுகிறார். காலங்கடந்த பெண்ணின் காதல் என்றாலே நம் சினிமாவில் கேவலமான சிரிப்புக்குத்தான் எழுதுவார்கள். இங்கேயும் அப்படி எழுதிய இடங்கள் உண்டு. வெட்கப்படுகிற இடத்தில் மட்டும் மனோரமா கிண்டலாக வெட்கப்பட மாட்டார், நிஜமாகவே வெட்கப்படுவார். தியேட்டர் சிரிக்கும், கொஞ்ச நேரத்தில் சிரிப்பின் சுருதி இறங்கும். எங்கள் டெக்கில் அந்தப் படம் ஓடிய ராத்திரிகளில், பாயில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் பக்கம் அந்த இடத்தில் சத்தம் வராது. ஆண்கள் பக்கம் விசில் வரும்.

சாவித்திரியோடு ஒப்பிட்டீர்கள். நம் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சாவித்திரி என்றால் ஒரு தனிப் பாசம், 1964 டிசம்பர் புயலின்போது அவரும் ஜெமினி கணேசனும் ராமேஸ்வரத்தில் இருந்தார்கள் என்று இன்னும் கதை சொல்வார்கள். சாவித்திரிக்குப் படங்கள் எழுதப்பட்டன. 'பாசமலர்' மாதிரி ஒரு கதை அவரை நடுவில் உட்கார வைத்தது. அதனால் ஒரு படத்தைக் காட்டி முடித்துவிடலாம். மனோரமாவை நடுவில் உட்கார வைத்து முழுக்கதை எழுத வேண்டும் என்று தமிழ் சினிமாவுக்குத் தோன்றியது அபூர்வம். கறுத்த, குண்டான, நடுவயதுப் பெண்ணைப் பார்க்கக் காசு கொடுத்து யார் வருவார்கள் என்ற கணக்கு. எங்கள் டெக் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு தயாரிப்பாளர் வந்து பார்த்திருந்தால் அந்தக் கணக்கை மாற்றியிருப்பார். ஆகவே இவருடைய மகா படம் ஒன்று கிடையாது. பல படங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பொறுக்கித்தான் பார்க்க வேண்டும்.

எங்கே ஆரம்பிப்பது என்றால், 'தில்லானா'வில் ஆரம்பிக்காதீர்கள். அதில் பார்ப்பதற்கு வேறு ரொம்ப இருக்கிறது, கண் சிதறும். 'காசேதான் கடவுளடா' முதலில். கதை தெரிந்த படம் என்பதால் அவரை மட்டும் பின்தொடரலாம். அப்புறம் 'சம்சாரம் அது மின்சாரம்', கண்ணம்மா வாயைத் திறக்காமல் அடுக்களை வாசலில் நிற்கிற காட்சிகளைக் கவனித்து. பிறகு 'சின்னக் கவுண்டர்', 'அண்ணாமலை' இரண்டையும் ஒரே வாரத்தில். கடைசியாக ஜில் ஜில். இதற்கு நடுவில் 2006இல் வந்த 'இம்சை அரசன்' ராஜமாதாவையும், 2010 'சிங்கம்' பாட்டியையும் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம், அவற்றில் அவருக்குப் பெரிதாக வேலை இல்லை. தொண்ணூறுகளின் அழுகை அம்மாக்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். முடிந்தால் உங்கள் உம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் அவர் சிரிக்கிறார், எந்த இடத்தில் சிரிக்காமல் இருக்கிறார் என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். 'நடிகன்' படத்துக்கு என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆசையாக இருக்கிறது.